கவ்வாத்து மலையில் ஒரு கடல் பறவை: நம் மலைநாட்டுப் பட்டியலில் சேருமா?

மஸ்கெலியா மழை | திங்கள் காலை 7.05

அவசரம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாக இங்கே பேய்க்காற்று. நேற்று இரவு எங்கள் லயத்தில் நான்கு தகரம் பறந்துவிட்டது. இன்று காலை 6.10 மணிக்குப் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கிற இடம்) போகிற வழியில், கவ்வாத்து வெட்டிய மலையின் கானுக்குள் (தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்) ஒரு பறவை குந்தியிருப்பதைக் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் கண்டு என்னைக் கூப்பிட்டார்.

புறா அளவு உடம்பு. சிறகு மட்டும் ரொம்ப நீளம், மடக்கினால் வாலைத் தாண்டி நிற்கிறது. நிறம் கரும்பழுப்பு. முதுகில் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி. அலகு கறுப்பு, நேரானது, கூரானது. கால்விரல்களுக்கு நடுவில் சவ்வு இருக்கிறது. பறக்கவில்லை. கிட்டப் போனால் வாயைத் திறந்து கத்துகிறது. அந்த அக்கா ஒரு தடவை நீர்கொழும்புக்குப் போய் வந்தவர், பார்த்த உடனே "கடல் காக்கா" என்றார்.

காட்போட் பெட்டியில் வைத்திருக்கிறேன். மூன்று படம் போட்டிருக்கிறேன். மூன்றும் முதுகுப் பக்கம்தான், மன்னிக்கவும். என்ன பறவை? இலங்கை மலைநாட்டில் கண்ட பறவை இனங்களுக்கு நாம் வைத்திருக்கும் பட்டியலில் இது சேருமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பேராதனைப் பிள்ளை | திங்கள் காலை 7.18

அண்ணா!!! இது பிரவுன் நாடி (Brown Noddy) என்கிற கடல் பறவை! உடம்பெல்லாம் கரும்பழுப்பு, கறுத்த அலகு, வேறு என்ன இருக்க முடியும்? மலைநாட்டுக்கு முதல் பதிவு!

கிரகரி கரை | திங்கள் காலை 7.30

நாடியா? முதலில் அதற்கு நாடி இருக்கிறதா என்று பிடித்துப் பாருங்கள். (மன்னிக்கவும், விடிந்ததிலிருந்து நுவரெலியாவில் கரண்ட் இல்லை, பகிடி விடத்தான் நேரம் இருக்கிறது.)

மன்னார் ஆலா | திங்கள் காலை 7.41

பெயர் கிடக்கட்டும் தம்பி, முதலில் பறவையைப் பாருங்கள். பெட்டியை மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். காற்றுப் போகத் துளை போடுங்கள். அடியில் பழைய துவாய் விரியுங்கள், வழுக்கினால் கால் போய்விடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்குப் போகும். சோறு, பாண் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் செல்பி எடுக்க வரிசையில் நிற்பார்கள், அனுப்பிவிடுங்கள்.

வெறுங்கையால் தொடாதீர்கள். 2021 முதல் பறவைக் காய்ச்சல் உலகத்தில் பல இடங்களில் கடல் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறது. இதற்கும் அது இருக்கிறது என்று சொல்லவில்லை. கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பேக்கைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு சோப் போட்டுக் கழுவுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு இப்போதே ஒரு கோல் எடுங்கள்.

பட்டியல்காரர் | திங்கள் காலை 8.15

பட்டியலைத் தொகுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். யாரும் பெயரை முடிவு செய்ய வேண்டாம், நான் உட்பட.

தம்பி, எந்தப் புத்தகத்தையும் திறக்க முன்பு ஒரு கொப்பியில் கண்டதை எழுதுங்கள். இணையத்தில் படம் பார்த்துவிட்டீர்கள் என்றால் கண் அந்தப் படத்தைத்தான் பார்க்கும். கண்ட நேரம், இடம், பறவை இருந்த நிலை, காற்று எந்தப் பக்கமிருந்து, யார் யார் பார்த்தது, எல்லாம் வரட்டும்.

அடுத்தது படம். முதுகு போதும். இப்போது தலையை ஒரு பக்கமாக, கண்ணும் அலகும் தெளிவாகத் தெரியும்படி. பிறகு ஒருவர் பிடிக்க, இன்னொருவர் ஒரு சிறகை விரித்து மேற்புறமும் அடிப்புறமும். அடிச்சிறகு ரொம்ப முக்கியம். வயிறு, அதிலிருந்து வாலடி வரை. வாலை விரித்து ஒன்று. கால். ஒவ்வொரு படத்திலும் பள்ளிப் பிள்ளையின் அடிமட்டம் பக்கத்தில் இருக்கட்டும். பிளாஷ் வேண்டாம், கறுத்த இறகு வெளுத்துத் தெரியும். நிழலில், யன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். பறவை தலை தொங்கப்போட்டால் விட்டுவிடுங்கள், படத்தை விட அது பெரிது.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், எடுத்த நேரம் இடம் எல்லாவற்றையும் உதறிவிடும். போனில் இருக்கிற மூலக்கோப்பு அப்படியே வேண்டும்.

முடிந்தால் எடையும் பாருங்கள்.

மஸ்கெலியா மழை | திங்கள் பகல் 12.40

சேர், கொழுந்துத் தராசில் வைத்தேன். முள் அசையவே இல்லை. மூட்டை நிறுக்கிற தராசு, நானும் ஒரு மடையன். கடைசியில் கடைக்காரரின் மின்தராசில் பெட்டியோடு வைத்து, பெட்டியைக் கழித்து, 138 கிராம். பருப்பு நிறுக்கிற தட்டில் இதையும் வைக்கிறாயா என்று அவர் முறைத்தார், கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தலைப் படம் எடுத்தேன். சிறகை விரிக்கப் பயமாக இருந்தது, கண்ணை மூடி மூடித் திறக்கிறது. விட்டுவிட்டேன். கோல் எடுத்தாயிற்று, பாதையில் மண் சரிந்திருப்பதால் நாளைக்குத்தான் வரலாம் என்றார்கள்.

வட்டவளை வாசி | திங்கள் மாலை 4.10

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். மீசை ஆலாவாக (ஆலா என்றால் டேர்ன்) இருக்கலாம் இல்லையா? நீர்த்தேக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. குளங்களுக்கு வருகிற பறவை, அதிசயம் ஒன்றுமில்லை.

மன்னார் ஆலா | திங்கள் மாலை 5.02

மீசை ஆலா இல்லை. அது சின்னது, வெளிர் சாம்பல், 138 கிராமுக்கெல்லாம் வராது. குளிர்காலத்தில் இங்கே ஆயிரக்கணக்கில் பார்க்கிறேன். இதன் மார்பு, கழுத்து எல்லாம் புகைக் கறுப்பு.

எனக்கு நாடியிலும் திருப்தி இல்லை. தலைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிரவுன் நாடிக்கு, வளர்ந்ததில் தெளிவாகவும் இளசில் மங்கலாகவும், நெற்றியிலும் உச்சியிலும் ஒரு வெளுப்பு இருக்கும். இதற்கு இல்லை. முதுகில் இருக்கும் அந்த வெள்ளை நுனிகள் நாடிக்கு வராது. எனக்குத் தோன்றுவது சூட்டி டேர்னின் (Sooty Tern, கடல் ஆலா ஒன்று) இளம் பறவை. வளர்ந்த சூட்டி மேலே கறுப்பு, கீழே பளிச்சென்ற வெள்ளை. அதனால்தான் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. இளசு தாய் தகப்பனைப் போல் இருக்கவே இருக்காது.

ஆனால் வாலடி தெரியாமல் சத்தியம் பண்ண மாட்டேன்.

பேராதனைப் பிள்ளை | திங்கள் மாலை 5.20

அக்கா, அப்படியானால் பிரைடில்ட் டேர்ன் (Bridled Tern)? அதுதானே நம் மேற்குக் கரையில் கூடுதலாகப் போகிறது? ஆகஸ்ட், செப்டெம்பரில் தெற்கே போகிற கூட்டத்தைக் கொழும்புக் கரையில் நின்றே பறவை ஆய்வாளர் ரெக்ஸ் டி சில்வா எண்ணியிருக்கிறாரே.

பட்டியல்காரர் | திங்கள் மாலை 6.00

நல்ல கேள்வி. எண்ணிக்கையைப் பார்த்தால் பிரைடில்டுக்குத்தான் வாய்ப்புக் கூட. ஆனால் நமக்குக் கிடைத்தது ஒரேயொரு பறவை, அதன் உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

வளர்ந்த பறவைகள் என்றால் வேலை சுலபம். பிரைடில்டின் வெள்ளைப் புருவம் ஒடுக்கமாகக் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். சூட்டியின் வெள்ளை, நெற்றியில் அகலமாக இருந்து கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டின் முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, அதனால் கறுத்த தொப்பி தனியாகத் தெரியும். சூட்டியில் தொப்பியும் முதுகும் ஒரே கறுப்பு. இளசில் இந்த அடையாளம் ஒன்றும் உதவாது. அங்கே பார்க்க வேண்டியது மார்பு: பிரைடில்டின் இளசுக்குக் கீழ்ப்புறம் வெள்ளை, சூட்டியின் இளசுக்கு மார்பு வரை கறுப்பு, அடிவயிறும் வாலடியும் மட்டும் வெளுப்பு, அடிச்சிறகின் உள்பக்கமும் வெளுப்பு. நாடி என்றால் வாலடியும் அடிச்சிறகும் பழுப்பாகவே இருக்கும். வாலும் வேறு. டேர்னுக்குக் கவை, நாடிக்கு ஆப்பு வடிவம், நுனியில் சின்ன வெட்டு.

எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பட்டினி கிடந்த சூட்டியும் வயிறு நிறைந்த பிரைடில்டும் தராசில் ஒன்றாக நிற்கும். சிறகு விரித்த அகலம் சூட்டிக்கு 82 முதல் 94 சென்டிமீட்டர், பிரைடில்டுக்கு 77 முதல் 81. அதுவும் துணைச் சாட்சிதான், இளசின் சிறகு முழுதாக வளர்ந்திருக்க வேண்டுமென்றில்லை.

ஆக, அடிச்சிறகும் வாலடியும் தெரிகிற படம் வரும்வரை பட்டியலில் "இனம் உறுதியாகாத ஆலா" என்றுதான் இருக்கும்.

மஸ்கெலியா மழை | திங்கள் இரவு 10.25

செத்துவிட்டது. ஒன்பது மணிக்குப் பார்த்தபோது அப்படியே சரிந்திருந்தது. சின்ன மகள் அழுகிறாள். நாளைக்கு எழுதுகிறேன்.

மன்னார் ஆலா | திங்கள் இரவு 10.40

நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள் தம்பி. இந்த நிலையில் தரைக்கு வருகிறவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. சூட்டி டேர்ன் கூட்டை விட்டால் வருடக்கணக்காகத் தரையை மிதிக்காது. இறகில் எண்ணெய்ப் பசை குறைவு, தண்ணீரில் இருந்தால் ஊறிவிடும் என்பதால் கடலிலும் அதிகம் உட்காராது. பறந்துகொண்டேதான் தின்னும். நாலு நாள் காற்று மீன் பிடிக்க விடாவிட்டால் அதற்கு வேறு வழியே இல்லை.

வீசிவிடாதீர்கள். குளிரில் வையுங்கள்.

மஸ்கெலியா மழை | செவ்வாய் காலை 9.15

வீட்டு பிரிஜ்ஜில் வைக்க மனைவி விடவில்லை. நியாயம்தான், அதற்குள் பிள்ளையின் பால் மா, தோசை மா எல்லாம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மீன்கார அண்ணன் வருவார். அவரிடம் கெஞ்சி, பழைய ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்றும் ஐஸும் வாங்கி, பறவையை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

பட்டியல்காரர் சேர் கேட்ட படங்களையும் எடுத்துவிட்டேன். முதல் மூன்றை விட்டு, தலைப் படத்தோடு மொத்தம் பதினொன்று. அடிமட்டம் மகளுடையது, அதில் இருக்கிற பூனை ஸ்டிக்கரைப் பொருட்படுத்த வேண்டாம்.

வட்டவளை வாசி | செவ்வாய் காலை 10.02

கோபிக்காமல் கேளுங்கள். கடல் பறவை ஒன்று மீன் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற படம் போட்டிருக்கிறீர்கள். நீர்கொழும்பிலிருந்து மீன் லொறி தினமும் ஹட்டனுக்கு ஏறுகிறது. இராத்திரி லொறியில் ஒட்டிக்கொண்டு வந்து இங்கே விழுந்திருந்தால்? நாளைக்கு வேறொருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மலைநாட்டுப் பட்டியலில் மீன் லொறிப் பறவை என்று சிரிக்கக் கூடாது.

பேராதனைப் பிள்ளை | செவ்வாய் காலை 10.10

அண்ணா கொஞ்சம் அதிகம் இல்லையா? அவர் தன் கையால் எடுத்திருக்கிறார்!

பட்டியல்காரர் | செவ்வாய் காலை 11.30

கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். கப்பலில் ஒட்டிக்கொண்டு நாடு மாறுகிற பறவைகளைப் பற்றி உலகம் முழுக்கப் பட்டியல் குழுக்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. லொறி நமக்கு வாய்த்த கப்பல்.

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஐஸ் பெட்டிக்கு முன்பு எடுத்த முதல் படத்தின் மூலக்கோப்பில் நேரம் என்ன? லொறி ஓடுகிற பாதை அந்தக் கானிலிருந்து எவ்வளவு தூரம்? பறவையின் மேல் எண்ணெய், மீன் செதில், கட்டிய தடம் ஏதும் இருந்ததா?

மஸ்கெலியா மழை | செவ்வாய் பகல் 1.20

முதல் படம் திங்கள் காலை 6.14. கோப்பை அப்படியே அனுப்பியிருக்கிறேன், பின்னால் தேயிலைத் தூரும் கானும் தெரிகிறது. மீன்கார அண்ணன் இந்தப் பக்கம் வருவது செவ்வாயும் வெள்ளியும், அதுவும் மோட்டார் சைக்கிளில். லொறி போகிற பிரதான பாதை கீழே, குறுக்கு வழியில் இறங்கினாலே அரை மணி நேரம். பறக்க முடியாத பறவை அந்த ஏற்றத்தை நடந்து ஏறியிராது. உடம்பு சுத்தம். கால், அலகு எதிலும் காயமோ தடமோ இல்லை. வால் இறகு நுனிகள்கூட முறியவில்லை, கூண்டிலோ பெட்டியிலோ அடைபட்டிருந்தால் அது தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கோபம் இல்லை அண்ணே. நானும் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்டிருப்பேன். (கொஞ்சம் கோபம்தான்.)

வட்டவளை வாசி | செவ்வாய் பகல் 1.45

எனக்குப் போதும். கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இந்தப் பதிலைப் பதிவோடு சேர்த்து வையுங்கள், என்னைப் போல் இன்னும் பத்துப் பேர் வருவான்.

மன்னார் ஆலா | செவ்வாய் மாலை 6.30

படங்களை ஒரு மணி நேரமாகப் பார்த்தேன். 7ஆவது படத்தில் வாலடி வெளுப்பு, சந்தேகமில்லை. 8இல் அடிச்சிறகின் உள்பக்கம் வெளிர் சாம்பல், ஓர இறகுகள் கறுப்பு. 10இல் வால் கவை, ஆழம் குறைவு. மார்பு முழுக்கப் புகைக் கறுப்பு. இது சூட்டி டேர்ன், இந்த வருடத்து இளசாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் களைத்த சூட்டிகள் இங்கேயும் கேரளத்திலும் கரைக்கு வந்து விழுவது தெரிந்த சங்கதி, ஆனால் தேயிலைக்குள் விழுந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

பேராதனைப் பிள்ளை | செவ்வாய் மாலை 6.41

நாடியை நானும் வாபஸ் வாங்குகிறேன். முதல் மூன்று படத்தில் முதுகை மட்டும் பார்த்துவிட்டுக் கத்தினேன். பறவைப் பதிவுத் தளமான இபேர்டிலும் (eBird) அவசரப்பட்டு நாடி என்று போட்டிருந்தேன், அரிது என்று கேட்டு விவரம் எழுதச் சொல்லிச்சு. மாற்றிவிட்டேன்.

பட்டியல்காரர் | செவ்வாய் இரவு 8.05

போட்டதையே எடுத்துவிடுங்கள் பிள்ளை. நீங்கள் பேராதனையில் இருந்தீர்கள், பறவையைப் பார்க்கவில்லை. பார்த்தவர்தான் போட வேண்டும்.

பேராதனைப் பிள்ளை | செவ்வாய் இரவு 8.09

எடுத்தாயிற்று சேர்.

கிரகரி கரை | புதன் காலை 6.50

கரண்ட் வந்துவிட்டது. எனக்கு ஒரு கதை தோன்றுகிறது. கொழும்புக் கரையிலிருந்து மஸ்கெலியாவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மேல்காற்று (மேற்குக் காற்று) களனிப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து கித்துல்கல, நோர்ட்டன் பக்கமாக மேலே தள்ளும். பறவை கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஏறியிருக்கும். மேலே வந்ததும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் விரிந்து கிடக்கிறது, கடல் என்று நினைத்து இறங்கப் பார்த்திருக்கும். தண்ணீர் வற்றுகிற காலத்தில் அங்கே மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் தலை நீட்டும். அந்தத் தண்ணீர் ஏற்கெனவே ஓர் ஊரை ஏமாற்றியதுதானே.

பட்டியல்காரர் | புதன் காலை 8.20

கதை அழகாக இருக்கிறது, பதிவில் ஒரு வரி கூட வராது. எந்த வழியாக வந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. "பலத்த மேல்காற்றின் மூன்றாம் நாள்" என்று மட்டும் எழுதுவேன். கதையை உங்கள் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லுங்கள், விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வராத நாட்களில் கைகொடுக்கும்.

வட்டவளை வாசி | புதன் காலை 9.00

காற்று தூக்கி வந்தது என்றால் கணக்கில் சேருமா? தானாக வரவில்லையே.

பட்டியல்காரர் | புதன் காலை 9.25

சேரும். வழிதவறிகள் என்று நாம் எழுதுவதில் பாதி காற்று கொண்டுவந்ததுதான். மனிதன் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். நம் பட்டியலின் எல்லை 900 மீட்டர் உயரம், கண்ட இடம் 1000க்கு மேல். உயிரோடு இருந்திருக்கிறது. விதிப்படி ஒரு குறையும் இல்லை.

மஸ்கெலியா மழை | வியாழன் மாலை 4.30

இன்று திணைக்களத்திலிருந்து வந்து பறவையைப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். பையின் மேல் ஒட்டிய சீட்டில் மன்னார் அக்கா சொன்னபடி பென்சிலால்தான் எழுதினேன், ஐஸ் தண்ணீரில் பேனா எழுத்து கரைந்திருக்கும். இறகு ஒன்றை மகள் கேட்டாள். கொடுக்கவில்லை. 1937ஆம் ஆண்டு வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தில் மிகச் சில பறவைகள் தவிர மற்றதெல்லாம் பாதுகாக்கப்பட்டவை, செத்ததை வைத்திருப்பதும் குற்றம் என்று அவளுக்கு விளக்கினேன். அப்படியானால் கோழி இறகு மட்டும் எப்படி என்று கேட்கிறாள்.

பட்டியல்காரர் | சனி காலை 10.00

பதிவின் வரைவு இது. பிழை இருந்தால் இன்றைக்குள் சொல்லுங்கள்.

சூட்டி டேர்ன். இளம் பறவை, 1. மஸ்கெலியா அருகே கவ்வாத்து செய்த தேயிலை மலையின் கானில், காலை 6.10, உயிருடன், பறக்க இயலாத நிலையில். பலத்த மேல்காற்றின் மூன்றாம் நாள். அன்றிரவு இறந்தது. எடை 138 கிராம். படங்கள் பதினான்கு, மூலக்கோப்புகள் பாதுகாப்பில். பிரவுன் நாடி: வாலடி, அடிச்சிறகு, வால் வடிவம் கொண்டு நீக்கப்பட்டது. பிரைடில்ட் டேர்ன்: கறுத்த மார்பு கொண்டு நீக்கப்பட்டது. வாகனத்தில் வந்திருக்கும் வாய்ப்பு ஆராயப்பட்டது, இணைப்பைப் பார்க்க. உடல் வனஜீவராசிகள் திணைக்களத்திடம்.

கண்டவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. தம்பி, உங்கள் பெயரைப் போடலாமா?

மஸ்கெலியா மழை | சனி காலை 10.35

நான் இரண்டாவதாகப் பார்த்தவன் சேர். கண்டது அந்த அக்கா. கடல் பறவை என்று முதலில் சொன்னதும் அவர்தான். அவர் கண்டிராவிட்டால் மத்தியானம் நாய் தின்றிருக்கும்.

பட்டியல்காரர் | சனி காலை 10.50

அப்படியானால் அவர் பெயர்தான் வர வேண்டும். இந்த நாட்டுப் பறவைக் குறிப்புகளைப் புரட்டினால் தோட்டத்துத் துரைமார் பெயர் நிறைய வரும். டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் தேயிலைத் துரை. ஜி. எம். ஹென்றி பிறந்ததே கந்தப்பளையில் ஒரு தோட்டத்தில். இருவரும் பெரிய வேலை செய்தவர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாற்பது வருடமாகப் புரட்டுகிறேன், கொழுந்து எடுத்தவர் ஒருவர் பெயர் என் கண்ணில் பட்டதில்லை. கானுக்குள்ளே, தூருக்குள்ளே கூட்டையும் குஞ்சையும் முதலில் காண்கிறவர்கள் அவர்கள்தான். கேட்டுப் பாருங்கள்.

மஸ்கெலியா மழை | சனி மாலை 5.15

கேட்டேன். "என் பேரு எதுக்கு, தோட்டத்துப் பேர போடுங்க" என்றார். தோட்டத்துப் பெயர் வேறு இடத்தில் வருகிறது, இது கண்டவருக்கான இடம் என்று சொன்னேன். கொழுந்து நிறுக்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

மஸ்கெலியா மழை | ஞாயிறு காலை 8.10

அந்த அக்கா காலையில் வீட்டுக்கே வந்தார். பெயரைப் போடலாமாம். ஆனால் அடையாள அட்டையில் இருக்கிறபடி போடக்கூடாதாம், அதில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்து வைத்திருக்கிறார்கள், இருபது வருடமாகத் திருத்த முடியவில்லை. அப்பா வைத்த பெயரை மகளின் கொப்பியில் அவரே எழுதிக் கொடுத்தார். படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன் சேர். இரண்டாவது எழுத்து குறில், நெடில் இல்லை. பார்த்துப் போடுங்கள்.